டிம்ப்ஸிக்கு இன்னொரு சாட்சி

ஆங்கிலக் கிராமப்புறமான டெவனின் மலைச்சரிவில் தபால் கொண்டுபோகும் கெசாயா பதினான்கு வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிக் கொடுத்ததில்லை. அதே கவனத்தோடு ஊர்ச்சொற்களையும் சேர்த்தாள். வட்டார அகராதிக்காரர்களுக்குச் சொல்லுக்கு ஒரு சீட்டு அனுப்புவாள்: சொல், பொருள், பேசிய வாக்கியம், பேசியவர் பெயர்.

‘டிம்ப்ஸி’ மட்டும் திரும்பி வந்தது. பொழுது மங்கும் வேளை என்பது பொருள். மங்கலைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் சாட்சி அவளுடைய இறந்துபோன அம்மா மட்டுமே. உயிரோடிருக்கும் ஒருவர் பேசக் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுதாவிட்டால் அச்சில் சேராது என்றிருந்தது கடிதம். அம்மாவின் சொல் அம்மாவோடு போய்விடுமோ என்று கெசாயாவுக்குத் தூக்கமில்லை.

பொழுது மங்குவதை என்னவென்று சொல்வீர்கள் என்று வீடுவீடாகக் கேட்டாள். பென்சிலைக் கண்டதும் எல்லோரும் தேவாலயத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்தார்கள்.

“அந்திப்பொழுது என்று கூறுவோம்” என்றார் வண்டிக்காரர் ஜேபெஸ்.

“நேத்து பன்னிய வெரட்டுறப்ப இப்படியா பேசினீங்க, மாமா?”

“பென்சில் இருக்குல்ல, புள்ள! ஊர்ப்பேச்சு பேசினதுக்குப் பள்ளிக்கூடத்துல வாங்கின அடி இன்னும் முதுகுல இருக்கு.”

பண்ணைக்காரி திர்சா ஹன்னஃபோர்டும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை திர்சாவுக்கு ஒரு பார்சல் தாமதமாக வந்தது. பொழுது சாய கெசாயா எடுத்துப் போனபோது மூடுபனி வேலிகளைக் கரைத்துக்கொண்டிருந்தது. வாத்துகள் வெள்ளைப் புகைபோல மிதந்தன. தன் கையில் இருந்த பென்சிலே அவளுக்குத் தெரியவில்லை.

“கெசாயாதானே? மூஞ்சி தெரியல, நடை தெரியுது” என்றது வேலிப்படல் பக்கமிருந்து திர்சாவின் குரல். “பார்சலக் குடுத்துட்டு ஓடு கண்ணு. டிம்ப்ஸி வந்துடுச்சு, ஓடையில விழுந்து வைக்காத.”

கெசாயா அசையாமல் நின்றாள்.

“அக்கா, இப்ப சொன்னத எழுதிக்கட்டுமா? உங்க பேரோட.”



“புத்தகத்துலயா? சிரிப்பாங்கடி.”

“பக்கத்துல எங்கம்மா பேரும் இருக்கும்.”

“அவளும் நானும் ஒண்ணா பால் கறந்தவங்க. அவ ஒருத்தி மட்டும் நிக்க வேணாம்.” திர்சா மூக்கை உறிஞ்சினாள். “எழுது.”

காகிதம் கண்ணுக்குத் தெரியாமலே எழுதினாள். வீட்டு விளக்கடியில் பார்த்தால் வரிகள் மேலும் கீழுமாகச் சரிந்திருந்தன. கோணல் எழுத்தை ஒருநாளும் அனுப்பாதவள், அதை அப்படியே உறையிலிட்டாள். பொருள் என்ற இடத்தில் இருந்தது: முகம் தெரியாது, நடை தெரியும்.