கள்ளருக்குப் பயந்து அடைத்த ஜன்னல்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓர் ஓகஸ்ட் மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கவுன்சில் பிளாட்டில் இருந்தோம். நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகள். கணவர் ஒரு பேக்கரியின் டெலிவரி வான் ஓட்டினார். கல்யாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த நான், லண்டனில் நோயாளியாக இருந்தேன்.

என் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன. வயிற்றில் பொருத்தியிருந்த மெல்லிய குழாய் வழியாக ஒரு பை மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுத்து, மறுபடி புதுப் பை விடவேண்டும். நாளுக்கு நான்கு தடவை. வீட்டிலேயே செய்யலாம். ஆனால் பை மாற்றும் நேரத்தில் கதவு, ஜன்னல் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். விசிறி ஓடக்கூடாது. தூசியோடு கிருமி குழாய்க்குள் போனால் வயிற்றுக்குள் தொற்று வரும். உயிருக்கே ஆபத்து.

தொற்று வந்துவிட்டதா என்று அறிய நேர்ஸ் ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். வெளியே வந்த பையைப் பத்திரிகைத் தாளின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். எழுத்துகளை வாசிக்க முடிந்தால் நீர் தெளிவு, பயமில்லை. எழுத்து மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். எத்தனையோ விதிகளில் இந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது. அச்செழுத்தைப் பார்ப்பது என் பழைய தொழில் அல்லவா.

அந்த வருடம் பாரிசில் இருந்த என் தம்பிக்குக் கல்யாணம் ஒழுங்காயிற்று. அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை, ஆகவே பிரான்சை விட்டு வெளியே வரமுடியாது. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில். போர் நடந்துகொண்டிருந்த காலம், அவர்கள் வருவது பற்றிப் பேச்சே இல்லை. கல்யாணத்தன்று காலையில் பாலில் தோய்த்த அறுகம்புல்லை மாப்பிள்ளையின் தலையில் வைத்து, தோய வார்த்துக் குளிப்பாட்டி அனுப்புவது எங்கள் முறை. அதைப் பெற்றோர் இடத்தில் நின்று செய்ய அவனுக்கு எங்களை விட்டால் வேறு சோடி இல்லை.

"அக்கா, நீங்கள் வராட்டி நான் ஓபிஸில கலியாண எழுத்து மட்டும் எழுதிப்போட்டு விடுறன். சடங்கு ஒண்டும் வேண்டாம்" என்றான் தொலைபேசியில்.

"விசர்க் கதை கதைக்காத. வாறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். தம்பி இருந்ததோ நாலுபேர் படுக்கும் ஓர் அறையில். என் பைகளைச் சுத்தமாக மாற்ற அங்கே இடமில்லை. ஹோட்டலுக்கு வசதியில்லை. அப்போதுதான் கணவரின் வேலைத்தலத்து வெள்ளைக்காரர் ஒருவர் தன் பழைய கேம்பர் வானைத் தருவதாகச் சொன்னார். கட்டில், காஸ் அடுப்பு, சிறு தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருந்தன. என்னுடைய சுத்தமான அறையை நானே சில்லு பூட்டிக் கொண்டுபோகலாம். டாக்டரும் யோசித்துச் சம்மதித்தார்.

எங்கள் ஆட்கள் சம்மதிக்கவில்லை. கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் பக்கத்து ஊரான சட்டனிலிருந்து இதற்கென்றே வந்து எங்கள் குசினியில் உட்கார்ந்தார். தேநீர் ஆறும்வரை ஆபத்துகளை அடுக்கினார்.

"அங்க வலப்பக்கத்தால ஓடவேணும், தெரியும்தானே? ரவுண்டபவுட்டில பிழையாச் சுத்தினா எல்லாரும் ஒரேயடியா மேலதான்."

"மேல போறதுக்கு விசா தேவையில்லைத்தானே அண்ணை" என்றேன்.

"பகிடி விடாதையும் பிள்ளை. இதைக் கேளும். அங்க கள்ளர் இருக்கிறாங்கள். ஆக்கள் படுத்திருக்கிற வானைப் பார்த்து, காத்து வாற ஓட்டைக்குள்ளால மயக்கிற காஸ் அடிக்கிறாங்களாம். விடிய எழும்பினா பாஸ்போர்ட்டும் இல்லை, தாலிக்கொடியும் இல்லை."

"ஆருக்கு அண்ணை நடந்தது?"

"ஜெர்மனியில ஆரோ ஒரு குடும்பத்துக்கு."

"எந்த ஊரில?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்! நடந்தது நடந்ததுதானே."

ஆளும் ஊரும் இல்லாத செய்தியை எங்கள் பத்திரிகையில் குப்பைக்கூடைக்குள் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கதை என் கணவரின் மனதில் தங்கிவிட்டது. புறப்படுமுன் வானின் தரையிலும் கூரையிலும் காற்றுக்காக விட்டிருந்த வலைத் துளைகள் எல்லாவற்றையும் தடித்த டேப்பால் ஒட்டினார். ஜன்னல் விளிம்புகளையும் விடவில்லை. தூசி வராது, பை மாற்ற நல்லது என்று நானும் மகிழ்ந்தேன்.

புறப்பட்டோம். கப்பலால் இறங்கி, பிரெஞ்சுத் தெருவில் ஏறிய கணத்திலிருந்து மகள் முன்னால் இருந்து ஒரே சத்தம். "ரைட் சைட் அப்பா, ரைட் சைட்!" முதல் ரவுண்டபவுட்டைச் சரியாகச் சுற்றி வெளியே வந்ததும் மூவரும் கைதட்டினோம். மத்தியானப் பையை வயல் ஓரத்தில் நிறுத்திவைத்து மாற்றினேன். கொக்கியில் பை தொங்க, ஜன்னலுக்கு வெளியே மாடுகள் மேய்ந்தன. நோய் வந்த பிறகு படுக்கையறைச் சுவரைத் தவிர வேறெதையும் பார்த்தபடி நான் பை மாற்றியதில்லை. அன்று எனக்கு ராசாத்தி போல இருந்தது.

சாயந்தரம் மழை பிடித்தது. கணவர் களைத்துப்போனார். பாரிசுக்குப் பாதி வழியில், ஒரு சிறு ஊரின் வெளியே, கேம்பர் வான்கள் நிறுத்தும் முகாம் இடத்தில் தங்கினோம். பக்கத்தில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் வண்டி. அவர்கள் அதன் முன்னால் துணிக்கூரை விரித்து, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு. அதற்காக வீட்டுப் புட்டுப்பானையையே கொண்டுவந்திருந்தோம். அந்தச் சின்ன அடுப்பின்மேல் அதை வைத்தபோது அடுப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. மற்ற அடுப்பில் கணவாய்க் கறி சூடாகிக்கொண்டிருந்தது. கறி வாசம் வெளியே போகாதபடி ஜன்னல்களை இறுக்கிப் பூட்டியிருந்தோம். யாரும் சொல்லிச் செய்ததல்ல. தோர்ண்டன் ஹீத்தில் மேல்மாடிக்காரர் ஒருமுறை எங்கள் சமையல் மணக்கிறது என்று கவுன்சிலுக்கு எழுதிப்போட்டார். அன்றிலிருந்து அடுப்பு மூட்டினால் கை தானாகவே ஜன்னலைப் பூட்டிவிடும்.

பை மாற்றும் நேரமும் வந்தது. கைகழுவி, முகமூடி கட்டி, குழாயைப் பைகளோடு இணைத்தேன். வயிற்றிலிருந்த பழைய நீர் கீழே இருந்த வெறும் பைக்குள் இறங்கத் தொடங்கியது, புதுப் பை மேலே கொக்கியில் தொங்கியது. வெளியே மழை, உள்ளே புட்டு ஆவி. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலையிடித்தது. அது புதிதல்ல, என் வியாதிக்கு எதுவும் வரும். பிறகு கவனித்தேன், கணவர் தேங்காய்ப்பூவைத் தூவிக்கொண்டே கொட்டாவி விட்டார். மறுபடியும் விட்டார். தேங்காய்ப்பூ புட்டில் விழாமல் பக்கத்தில் விழுந்தது.

"அம்மா, எனக்குத் தலையிடிக்குது. சிக்கா இருக்கு, வாந்தி வாறமாதிரி" என்றாள் மகள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"தூரம் வந்த களைப்பு. படும்" என்றார் கணவர். அவர் குரலும் இழுபட்டது.

சிறுநீரகம் கெட்டது எனக்கு மட்டும்தானே? மூன்று பேருக்கும் எப்படி ஒரே நேரத்தில் தலையிடிக்கும்? நான் அடுப்பைப் பார்த்தேன். புட்டுப்பானையின் அடியில் தீ நீலமாக இல்லை. மஞ்சளாகச் சோர்ந்து எரிந்தது. பானையின் பக்கமெல்லாம் புதிதாகக் கரி. காற்றில்லாத இடத்தில் அடுப்பு எரிந்தால் நச்சு வாயு வரும் என்று எங்கோ வாசித்தது நினைவில் வந்து நின்றது. கள்ளன் வெளியே இருந்து அடிக்கும் காஸுக்குப் பயந்து வானை அடைத்திருந்தோம். உள்ளே நாங்களே காஸ் அடித்துக்கொண்டிருந்தோம்.

"இஞ்சேருங்கோ, அடுப்பை நிப்பாட்டுங்கோ. கதவைத் திறவுங்கோ."

அடுப்பை நிறுத்தினார். கதவில் கை வைக்கவில்லை. "பை கொளுவியிருக்கேக்க கதவைத் திறக்கிறதோ? நேர்ஸ் என்ன சொன்னவ? முடியட்டும்."

"முடியாது. இப்ப திறவுங்கோ."

"உமக்கு விளங்கேல்லை. தூசி வந்தா..." என்றவர் சொல்லை முடிக்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் காப்பாற்றுவதற்காகவே அந்தக் கதவை அவர் பூட்டி வைத்திருந்தார்.

தொற்று வந்தால் மருந்து உண்டு, மூன்று பேரும் இங்கேயே மயங்கிவிழுந்தால் மருந்தில்லை. அவ்வளவுதான் கணக்கு. குழாயின் பூட்டுகளை இறுக்கினேன். தொங்கிய பையைக் கழற்றி, கீழே இருந்த பையையும் சேர்த்து, இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினேன். கால் தள்ளாடியது. பக்கக் கதவின் பிடியை இழுத்தேன். அன்றிரவு கணவர் அதன் விளிம்பிலும் ஒட்டியிருந்த டேப் பெரும் சத்தமாய்க் கிழிய, கதவு திறந்தது.

மழையும் காற்றும் முகத்தில் அடித்தன. அவ்வளவு இனிமையான காற்றை நான் அதன் பிறகும் சுவாசித்ததில்லை. மகளைக் கையில் பிடித்து இறக்கினேன். "இறங்குங்கோ!" என்று கணவரைப் பார்த்து நான் போட்ட சத்தம் முகாம் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் இறங்கிப் புல்லில் முழங்காலில் நின்று வாந்தி எடுத்தார். மகள் அழுதாள். அழுதபடி நன்றாக மூச்சு விட்டாள். நான் வீட்டில் போடும் சோட்டியோடு, முகமூடியோடு, இரண்டு பைகளையும் குழந்தை போலத் தூக்கிக்கொண்டு மழைக்குள் நின்றேன்.

பக்கத்து வண்டிப் பெண்மணி குடையோடு ஓடிவந்தார். அவருடைய மொழி எங்களுக்குத் தெரியாது, எங்களுடையது அவருக்குத் தெரியாது. அடுப்பைக் காட்டி, தலையைப் பிடித்துக் காட்டினேன். அவர் கணவர் வானுக்குள் எட்டிப் பார்த்து, எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்துவிட்டார். ஒட்டிய டேப்பைப் பிய்த்து உருட்டி எறிந்தார். பெண்மணி எங்களைத் தங்கள் துணிக்கூரைக்குக் கீழே இருத்தி, போர்வை தந்தார். எங்களை வைத்தியரிடம் கூட்டிப்போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, தங்கள் காரிலேயே ஊருக்குக் கூட்டிப்போனார்கள். வைத்தியர் எங்கள் மூவரையும் சோதித்து, நல்ல நேரத்தில் வெளியே வந்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

முகாம் அலுவலகத்திலிருந்து லண்டன் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். நேர்ஸ் எல்லாவற்றையும் கேட்டார். அந்தப் பைகளை எறிந்துவிட்டுப் புதிதாக மாற்றச் சொன்னார். "காலையில் தெளிவாக இருந்தால் கல்யாணத்துக்குப் போ. மங்கலாக இருந்தால் கல்யாணத்தை மறந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது புட்டும் கணவாய்க் கறியும் மணம் பரப்பிக்கொண்டிருந்தன. முகாம் முழுக்க மணந்தது. நான் வெட்கத்தோடு பானையை மூடப் போனேன். அந்தப் பெண்மணி மூக்கால் ஆழமாக இழுத்து, இரண்டு தட்டுகளை நீட்டினார். புட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

காலையில் வெயில். கதவைப் பூட்டி முறைப்படி பையை இறக்கினேன். மிளகாய்த்தூள் சுற்றிவந்த தமிழ்ப் பத்திரிகைத் தாளைக் கணவர் மேசையில் விரித்தார். அதன்மேல் பையை வைத்தேன். ஆனால் குனிந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மஞ்சள் தீயைப் பார்த்த கண், அந்த நேரம் மூடிக்கொண்டது.

மகள் குனிந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போகிறவள் அவள். விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

"மு... ருங்... கைக்... காய். முருங்கைக்காய். வ... ந்து... வந்துள்ளது. அம்மா, முருங்கைக்காய் வந்துள்ளது!"

"சின்ன எழுத்தையும் வாசி" என்றார் கணவர்.

கடையின் விலாசம்வரை வாசித்தாள். ஓர் எழுத்தும் மங்கவில்லை. கணவர் முன் இருக்கைக்குப் போய், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். பிறகு நிமிர்ந்து, "வெளிக்கிடுங்கோ. மாப்பிள்ளை காத்துக்கொண்டிருப்பான்" என்றார்.

அடுத்த நாள் பாரிசில், ஐந்தாம் மாடி அறையொன்றில், தம்பி கிழக்குப் பார்த்து உட்கார்ந்தான். மாடிப்படிகளை நான் ஒவ்வொன்றாய் நின்று நின்று ஏறினேன். கணவர் பிடிக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டேன். அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துத் தம்பியின் தலையில் வைத்தோம். "அக்கா, உங்களில புகை மணக்குது" என்றான். "அது பெரிய கதை. முதல் தாலியைக் கட்டு" என்றேன்.

சில வருடங்களில் எனக்கு வேறு சிறுநீரகம் கிடைத்தது, பைகள் போய்விட்டன. சட்டன் அண்ணை இன்றும் வந்து தேநீர் குடித்துக்கொண்டே உலகத்து ஆபத்துகளை அடுக்குகிறார். நான் மறுப்பதில்லை. கேட்டுக்கொண்டே எழும்பிப் போய், அடுப்புக்கு மேலுள்ள ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, என் கறி வாசம் தெரு முழுக்கப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.