மோதிரம் தேடிய வெள்ளிக்கிழமைகள்

என் வீட்டுக்காரர் இப்போது சவூதியில், யான்புவில். நான் குவைத்தில், ஃபர்வானியாவில். வெள்ளிக்கிழமை விடிந்தால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. டீயைப் போட்டு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அவரும் குவைத்தில் என்னோடு இருந்த கடைசிக் குளிர்காலத்தில், வெள்ளிக்கிழமை தவறாமல் நாங்கள் கடற்கரையில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தோம். தொலைந்துபோன என் கல்யாண மோதிரத்துக்காகத்தான்.

தொலைத்தது அவர். சர்ச் ஆட்களோடு கடற்கரைக்குப் போயிருந்தோம். கோழிக்கு மசாலா பிசைய வேண்டும் என்று மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மனுஷன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து கரியடுப்பை ஊதியிருக்கிறார். அதே சட்டையோடு வாலிபால் வேறு. கை கழுவிவிட்டு வந்து நான் கேட்டபோது பையைத் தடவினார். முகம் செத்துப்போனது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் பாய் விரித்திருந்த அரபிக் குடும்பமே எழுந்து நின்று பார்த்தது.

ஒரு வாரத்தில் என் கோபம் ஆறிவிட்டது. "போனா போட்டு. லீவுக்கு ஊருக்குப் போவும்ப வேற வாங்கலாம்" என்றேன்.

"வேற வாங்குனா அது வேற மோதிரம்லா பிள்ள. பீடத்துக்கு முன்னால நின்னு நான் ஒனக்குப் போட்டது அதுல்லா" என்றார்.

விடாக்கண்டன். ஆன்லைனில் சின்ன சர்க்யூட் போர்டு ஒன்றை வரவழைத்தார். வாளி மூடியைச் சுற்றிச் செம்புக் கம்பியைச் சுற்றினார். அதை ஒரு பிவிசி பைப்பின் நுனியில் மாட்டி, பழைய ட்ரில் மெஷினின் பேட்டரியையும் போர்டுப் பெட்டியையும் பைப்பின் கீழ்ப்பக்கமே இறுக்கிக் கட்டினார். காதில் ஹெட்போன். அடியில் உலோகம் இருந்தால் கீச்சென்று கத்தும். "எப்படி இருக்கு?" என்று ஹாலில் நடந்து காட்டினார். கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. சொல்லவில்லை, பாவம்.

முதல் வெள்ளிக்கிழமை சோடா மூடிகளும் கூடாரத்து ஆணிகளும் கிடைத்தன. சாயங்காலம் கை மேலே எழும்பவில்லை. சட்டையைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் முழங்கைக்கு வெளிப்பக்கம் தொட்டாலே முகத்தைச் சுளித்தார். டீ கிளாஸைப் பிடித்த கை நடுங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால் அவர் வெல்டர். இங்கே அவருடைய கம்பெனியின் கான்ட்ராக்ட் வசந்தத்தோடு கலாஸ். அடுத்த வேலை யான்புவில் பேசி வைத்திருந்தார்கள், ஆனால் வெல்டிங் டெஸ்டில் தேற வேண்டும். அதில் நடுங்கும் கையோடு நின்றால் நேராக ஊருக்கு ஃப்ளைட் ஏற்றிவிடுவார்கள்.

"அந்த எளவக் கொண்டு குப்பையில போடுங்க! மோதிரம் போனது போதாதா, கையும் போணுமா?"

"இன்னும் ரெண்டே வாரம் பிள்ள."

கழுதைக்கு உபதேசம் எதற்கு? நானே அந்தக் கருவியைப் பிரித்துப் போட்டேன். நான் நர்ஸ். நோயாளியைத் தூக்கும்போது உடம்போடு ஒட்டித் தூக்கு, கையை நீட்டித் தூக்காதே என்பதுதான் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது. இங்கே மொத்தக் கனமும் நீட்டிய கைக்கு அந்தக் கோடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு வலிக்காமல் என்ன செய்யும்? பேட்டரியைக் கழற்றி இடுப்புப் பைக்கு மாற்ற வைத்தேன். போர்டுப் பெட்டியை முழங்கைக்குப் பின்னால் தள்ளினோம், முன்பாரமும் பின்பாரமும் சரியாக. அகலமான பைப்பை நெடுக்காகப் பிளந்து, ஸ்பாஞ்சு வைத்துக் கிரேப் பேண்டேஜ் சுற்றி, முன்கை படுக்க ஒரு தொட்டில். மணிக்கட்டு மடங்காதபடி கைப்பிடியைச் சாய்த்தார். பழைய பேக்கின் வாரைத் தோளில் குறுக்காகப் போட்டு அதில் பைப்பைத் தொங்கவிட்டேன். "கையால வீசாதிய, இடுப்பத் திருப்புங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா கைய மாத்துங்க" என்று ஹாலிலேயே பழக்கினேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை ஆகிவிட்டது. முன்பாவது கை வலித்து மத்தியானம் வீடு திரும்புவார். இப்போது வலி இல்லை, ஆளும் இல்லை. எனக்கு நைட் டியூட்டி, அவருக்குப் பகல் டியூட்டி. நான் வரும்போது அவர் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருப்பார். ஒரே அறையில் குடியிருந்தும் முகம் பார்த்துப் பேசக் கிடைப்பது அவருக்கு லீவான வெள்ளிக்கிழமை மட்டும்தான், அதையும் மண்ணுக்குத் தாரை வார்த்தால் எப்படி? நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

டியூட்டி முடிந்த கையோடு ஃபிளாஸ்கில் டீ, பொட்டலத்தில் புட்டும் பழமும். அவர் தேடுவார், கருவி கத்தினால் நான் தோண்டுவேன். அவர் கை மாற்றும்போது நான் வாங்கித் தேடுவேன். தினமும் அங்கே நடக்க வரும் வயசான குவைத்தி ஒருவர் எங்களைக் கடக்கும்போதெல்லாம் "மாஃபி?" என்பார், கிடைக்கவில்லையா என்று. "மாஃபி!" என்று நாங்கள் சேர்ந்து சொல்வோம். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. மாமியார் கதை, ஹெட் நர்ஸ் கதை, அவர் சின்ன வயதில் வள்ளத்திலிருந்து விழுந்த கதை என்று எல்லாம் அந்த மணலில் வைத்துத்தான் கேட்டேன்.

ஒருநாள் துணி துவைக்கும்போது அவருடைய பேன்ட்டின் உள்பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தால் என் மோதிரம். ஒரு தாளில் மடித்து, தாளும் கசங்கி நைந்துபோயிருந்தது. கிடைத்துப் பல வாரம் ஆகியிருக்க வேண்டும். "அட பொய்க்காரா!" என்று வாய்விட்டே கத்தினேன். வந்த ஆத்திரத்தில் டியூட்டியிலிருக்கும் மனுஷனைப் போனில் பிடித்து நாலு கேட்கலாம் என்று இருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் விளங்கியது, மோதிரம் கிடைத்துவிட்டது என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கடற்கரை கிடையாது. வசந்தத்துக்கும் அதிக நாள் இல்லை. பேன்ட்டைத் துவைத்து, காயவைத்து, மோதிரத்தைத் திரும்ப மடித்து அதே பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வந்ததும் போர்வையை இழுத்தேன். "எழும்புங்க, நேரமாச்சு. மோதிரம் தேடாண்டாமா?"

பிறகு அவர் வெல்டிங் டெஸ்டில் தேறினார். கை நடுங்கவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஏர்போர்ட்டில் உள்ளே போகும் வரிசைக்கு முன்னால் நின்று, பையிலிருந்து மோதிரத்தை எடுத்து என் விரலில் போட்டார்.

"எப்ப கெடச்சுது?" என்று கேட்டேன்.

"நேத்து" என்றார். முந்தின நாள் முழுக்க மண்காற்று. இரண்டு பேரும் கதவைக்கூடத் திறக்காமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.

அது தொலைந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்ப விரலில் ஏறிய அன்றைக்குத்தான் ஏர்போர்ட்டில் அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

"இன்னும் கொஞ்ச நாள் தேடியிருக்கலாம்லா" என்றேன்.