தேயாத பக்கம்

எங்கள் ஊரில் எது பழுதானாலும் உப்பைத்தான் சொல்வார்கள். கதவுப் பிணைச்சல் இறுகினால் உப்பு, தையல் மெசின் கிறீச்சிட்டால் உப்பு, சைக்கிள் செயின் அறுந்தாலும் உப்பு. துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனால், அண்ணாவின் கார் திரும்பும்போதெல்லாம் முன்பக்கத்தில் ‘டக், டக்’ என்று அடிக்கத் தொடங்கியபோது, நான் உட்பட ஒருவரும் வேறு காரணம் தேடவில்லை.

அது முன்சில்லுகளால், அதாவது முன்சக்கரங்களால், இழுபட்டு ஓடும் பழைய இங்கிலாந்துக் கார். எஞ்சினிலிருந்து ஒவ்வொரு முன்சில்லுக்கும் ஓர் இரும்புத் தண்டு போகிறது. சில்லு எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்டு சுழலவேண்டும். அதற்காக நுனியில் ஒரு மூட்டு. கிண்ணம் போன்ற ஒன்றின் பள்ளங்களில் குண்டுகள் உருளும். அந்த மூட்டை மூடியிருப்பது ஒரு றப்பர் உறை. அதன் வேலை இரண்டு: கிறீஸை வெளியே விடாதிருப்பது, மணலை உள்ளே விடாதிருப்பது. எங்கள் காரில் இரு பக்க உறையும் வெடித்துக் கிழிந்து, இரண்டு வேலையையும் கைவிட்டிருந்தன.

எழுபதுகளின் தொடக்கம் அது. அண்ணாவின் மனைவிக்கு, என் மச்சாளுக்கு, கந்தளாயில் தையல் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். நானும் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் படம் வரையப் படித்துவிட்டுக் கந்தளாயில்தான் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பஸ்ஸை நம்பினால் பொழுதுபட முன் வீடு வரமுடியாது. நான் அங்கே அறை எடுத்துத் தங்கிவிடலாம். மச்சாளுக்கு வீட்டில் பால்மறவாத பிள்ளை. கார் ஓடினால், நான் ஓட்ட, இருவரும் போய்ப் பொழுதுபட முன் திரும்பலாம். ஓடாவிட்டால் அவர் அந்த வேலையை மறக்கவேண்டியதுதான்.

அண்ணா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். இயந்திரத்தின் சத்தம் மாறினால் வேலையை நிறுத்திவிடுவது அவருடைய பழக்கம்.

“இந்தச் சத்தத்தோட உங்க ரெண்டு பேரையும் காட்டு ரோட்டில விட ஏலாது,” என்றார். “சத்தம் நிண்டால் போங்கோ. நிக்காட்டி வேலை வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கவேண்டியதுதான்.”

“எழுதிக் குடுக்கிறது நானல்லோ,” என்றார் மச்சாள், குசினியில் அடுப்படியிலிருந்து. “ஆரைக் கேட்டுச் சொல்லுறியள்?”

வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலகுவில் வராத காலம். உதிரிப்பாகக் கடை வைத்திருந்த கிண்ணியாக்காரர், கிழிந்த உறையை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார்.

“கப்பலைப் பாத்துப் பாத்துக் கண் பூத்துப் போச்சு, தங்கச்சி. இது வராது. மோட்டார் சைக்கிள் ரியூப் இருக்கு. ஒரு துண்டு வெட்டிப் போட்டுக் கட்டுங்க. ஓடுற வரைக்கும் ஓடும்.”

சனிக்கிழமை காலை அண்ணா வேலைக்குப் போகுமுன், சில்லுகளின் நடுவிலுள்ள பெரிய நட்டுகளை மட்டும் இளக்கித் தந்தார். மிச்சத்தை நானும் மச்சாளும் செய்தோம். காரை ஜக்கில் உயர்த்தி மரக்குற்றிகளில் இருத்தினோம். சில்லையும் அதன் குடத்தையும் கழற்றினோம். மூட்டை மரச்சுத்தியலால் தட்டித் தண்டிலிருந்து பிரித்தெடுத்தோம். மண்ணெண்ணெயில் கழுவக் கழுவ மணல் வந்தது. அதைக் கண்டதும் எனக்குத் திருப்தியாக இருந்தது. தேடியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

புதுக் கிறீஸ் வைத்து, ரியூப் துண்டை மூட்டின்மேல் இழுத்து மாட்டினோம். தண்டுப் பக்கம் அது அகலமாக நின்றது. மச்சாள் அதைச் சட்டையின் கைச்சுருக்கம் போல மடித்து மடித்துப் பிடித்தார். நான் மீன்பிடிக்கிற தங்கூசி நூலைச் சுற்றி இறுக்கினேன்.

“இளக்கம் விடுங்கோ, மச்சாள். அக்குளில இளக்கம் விடாட்டி, கை தூக்கேக்க கிழியும்,” என்றார். நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றே கூப்பிடுவோம்.

“இது கையில்லை, மச்சாள்.”

“மடங்குதல்லோ? அப்ப கைதான்.”

இளக்கம் விட்டுக் கட்டினோம். பின்னேரம் காரை வெளியே எடுத்து, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஸ்ரியறிங்கை முழுவதுமாக வெட்டித் திருப்பினேன். டக், டக். அதே சத்தம், அதே இடத்தில்.

பக்கத்தில் இருந்த மச்சாள், “உப்புப் போச்சு, மணலும் போச்சு. சத்தம் மட்டும் போகேல்லை,” என்றார். நகக்கண்ணில் இருந்த கிறீஸைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போய், சேலை பாழாகுமென்ற நினைவு வந்து நிறுத்தினார்.

வீட்டுக்குப் போகும் எங்கள் ஒழுங்கை ஒடுங்கியது. காரைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விடவேண்டும். அவர் இறங்கிப் பின்னால் நின்று வழி சொன்னார்.

“வாங்கோ, வாங்கோ. இப்ப நல்லா வெட்டுங்கோ. நில்லுங்கோ.”

“என்ன, மதிலில இடிச்சிட்டனோ?”

“இல்லை. முழுசா வெட்டித்தானே வாறியள், சத்தம் எங்க?”

நான் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தேன். கார் தன் வாழ்நாளெல்லாம் முன்னோக்கியே இழுத்திருக்கிறது. குண்டுகள் பள்ளத்தின் ஒரு சுவரையே அழுத்தித் தேய்த்திருக்கின்றன. மறுசுவருக்குப் பின்னோக்கிப் போகும்போது மட்டுமே வேலை. அது புதிதாகவே இருக்கவேண்டும். மணல் தேய்வைக் கூட்டியிருக்கலாம். ஆனால் மணலைக் கழுவினால், தேய்ந்த இரும்பு வளர்ந்துவிடுமா? அன்று காலையில் அந்தப் பள்ளங்களை என் கையாலேயே துடைத்திருந்தேன். உப்பையும் மணலையும் தேடிய கண்ணுக்கு வேறொன்றும் படவில்லை.

இரண்டு மூட்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இடப்பக்க மூட்டை வலப்பக்கம் போட்டால் அது எதிர்ப்பக்கமாகச் சுழலும். இத்தனை காலம் சும்மா இருந்த சுவர் முன்னோக்கி இழுக்கும் வேலைக்கு வந்துவிடும்.

மச்சாளுக்கு இதைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

“தேஞ்ச சேட்டுக் கொலரைப் பிரிச்சு, மற்றப் பக்கம் புரட்டித் தைக்கிற மாதிரி.”

“ஓம். அதேதான்.”

“அப்ப இண்டைக்குக் கட்டினதெல்லாம் நாளைக்கு அவிழ்க்கோணும்.”

“ஓம்.”

“சரி. இப்ப தேத்தண்ணி குடிப்பம்.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணா மறுபடியும் நட்டுகளை இளக்கித் தந்தார். “சத்தம் நிக்காட்டியும் உங்களுக்குக் கை நல்லாப் பழகும்,” என்றார். மூட்டுகளைக் கையில் எடுத்ததும், பள்ளங்களின் ஒரு சுவரில் நகம் மாட்டும் அளவுக்குத் தேய்வு இருந்ததை அவரிடம் காட்டினேன். மறுசுவரில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அவர் இரண்டையும் தடவிப் பார்த்தார். அன்று வேறெங்கும் போகாமல், நாங்கள் மூட்டுகளைப் பக்கம் மாற்றிப் பூட்டிக் கடைசி நட்டை இறுக்கும்வரை எங்களோடு நின்றார்.

பின்பு அவரே ஓட்டினார். தலையை வெளியே நீட்டிக்கொண்டு இடப்பக்கம் வெட்டினார், வலப்பக்கம் வெட்டினார். சில்லின் கீழ் சரளைக்கல் நெரிந்த சத்தம் மட்டும் கேட்டது.

“எவ்வளவு காலத்துக்கு?” என்று கேட்டார்.

“இந்தப் பக்கமும் தேயும்வரைக்கும். ரியூப் கிறீஸில ஊறும். அதை இடைக்கிடை மாத்தோணும்.”

“அதுக்குப் பிறகு?”

“அதுக்குப் பிறகு புரட்ட வேற பக்கமில்லை, அண்ணா.”

அவர் மச்சாளைப் பார்த்தார். மச்சாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சரி, நாளைக்குப் போங்கோ,” என்றார் அண்ணா.

திங்கட்கிழமை பொழுதுபட முன் நாங்கள் திரும்பி வந்தபோது, அண்ணா பிள்ளையோடு ஒழுங்கை வாசலில் நின்றார். மச்சாள் இறங்கிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். வேலை எப்படி, பிள்ளைகள் எத்தனை பேர் என்று அண்ணா ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “முழுசா வெட்டித் திருப்பு, கேப்பம்,” என்றார்.

திருப்பினேன். அண்ணாவும் மச்சாளும் பிள்ளையும் காதைக் கொடுத்து நின்றார்கள். சரளைக்கல் நெரியும் சத்தம் மட்டும் கேட்டது.