அடுப்புக்குச் சளி பிடித்த சாயங்காலம்

கேஸ் அடுப்புக் கடைக்குக் கரண்ட் போனால் என்ன கவலை என்று நினைக்காதீர்கள். எங்கள் தலவாக்கலைக் கடையில் இருப்பதெல்லாம் பிளக்கைச் சொருகினால்தான் 'டிக் டிக்' என்று பொறி தட்டிப் பற்றும் அடுப்புகள். என்னைப் போல இருட்டில் குமிழைத் திருகி நின்ற அன்பர்களே, உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போதே தரமாட்டேன். மூடுபனி முதலில் ரோட்டைத் தாண்டி வரட்டும்.

புது அடுப்பின் மானம்

பொகவந்தலாவைத் தோட்டத்து லய வரிசை வீடுகளிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். அடுப்பு பற்றவில்லையாம். "நெருப்புக்குச்சி கிழிச்சுப் பத்த வைங்கம்மா" என்றேன், எங்கள் முதலாளியின் கட்டைக் குரலைப் போலச் செய்து. அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை கொட்டியது. அதற்கு மேலே அக்கா கத்தினார்: "புது அடுப்புக்கு நெருப்புக்குச்சியா? லயமே சிரிச்சிருமேங்க!"

நுரையோடு தொரை

கேஸ் கீசரும் அப்படித்தான். கரண்ட் போனால் பச்சைத் தண்ணிதான். ஒரு விடியலில் தோட்டத் தொரையின் பங்களாச் சமையல்காரர் போனில் கூப்பிட்டார். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஆட்களுக்கு முன்னால் நின்று நேரம் பார்க்க வேண்டிய தொரை, குளியலறையில் சோப்பு நுரையோடு வெள்ளை மேகம் மாதிரி நிற்கிறாராம். என்ன செய்யலாம் என்று கேட்பார் என நினைத்தேன். அவரோ ரகசியமாக, "தம்பி, இன்னைக்குப் பெரட்டுக்கு அவருதான் லேட்டு!" என்றார்.

டிக் டிக்

புகார் கேட்டு அலுத்த முதலாளி, அடுப்புகளை எல்லாம் சாயங்கால லொறியில் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். அடுப்புகள் போனால், அவற்றைப் பழுது பார்க்கும் குமார் அண்ணனுக்கும் வேலை போய்விடும். கரண்ட் இல்லாமல் ஒன்றையாவது பற்ற வைத்துக் காட்டுகிறேன் என்று, சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்புக்குள் தலையை விட்டிருந்தார் அவர்.

பனி கடைக்குள் வந்தது. அடுப்புகள் மேகத்தில் படுத்துத் தூங்குவது போலிருந்தது. என் நாக்கு சும்மா இருக்கவில்லை. அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "டிக்."

அண்ணன் அசையவில்லை. "டிக் டிக்."

"மொதலாளி, மெல்ல வாங்க! கரண்ட் இல்லாமலே பேசுது!" என்று கூப்பிட்டார் அண்ணன்.

முதலாளி குனிந்து அடுப்பில் காதை வைத்தார். வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. நான் இன்னும் இனிமையாக நாக்கைத் தட்டினேன். பனி என் தொண்டைக்குள் இறங்கியது. அடுப்பு இருமியது.

அண்ணன் பெட்டிகளுக்கு மேலே எட்டி என்னைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். முகம் மாறாமல் சொன்னார்: "மொதலாளி, அடுப்புக்குச் சளி பிடிச்சிருக்கு. இந்தக் குளிர்ல லொறியில ஏத்தாதீங்க."

முதலாளி சிரித்த சிரிப்பில் லொறி வெறுமையாகவே திரும்பியது. அன்றிலிருந்து எங்கள் அடுப்பு ஒவ்வொன்றோடும் ஒரு நெருப்புப்பெட்டி இனாமாகப் போகிறது.