உரிமை முடிந்த புத்தகங்கள்

மகளுக்கு மூச்சிழுப்பு அடிக்கடி வந்து, பள்ளிக்குப் போகும் நாட்களைவிடப் போகாத நாட்கள் அதிகமானபோது, ஒரு வருடம் வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். என் கணவர் இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறார். நான் கல்யாணத்துக்கு முன்பே போடியில் பி.ஏ. முடித்தவள். அந்தத் தைரியம்தான்.

மாடி வீட்டுச் சேச்சி தன் இரண்டு பையன்களையும் வீட்டிலேயே படிக்கவைப்பவர். எங்கள் முடிவைக் கேள்விப்பட்டு, கூப்பிடாமலேயே இறங்கி வந்தார். என் போனை வாங்கி ஓர் இணையதளத்தைத் திறந்து காட்டினார். கதை, பூகோளம், கணக்கு என்று எல்லாம் பழைய புத்தகங்கள். எழுதியவர்கள் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் உரிமை முடிந்துவிட்டதாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"தமிழும் உண்டு கேட்டோ. எனிக்கு அது வாயிக்கான் அறியில்ல. நீ நோக்கிக்கோ," என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா கொடுக்கிறவர் பின்னால் எதையாவது விற்க வருவார், இல்லை பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். மகள் மாடிக்கு விளையாடப் போய்வந்தால், அங்கே என்ன பேசினார்கள் என்று துருவுவேன். சேச்சி எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. பிரின்ட் எடுக்கப் போன இடத்திலும், இது திருட்டுப் புத்தகம் இல்லையே என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புத்தகங்களையும் நான் சந்தேகத்தோடுதான் படித்தேன். மகளுக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாடத்தையும் வாசித்துவிடுவேன். அப்படித்தான் தமிழ் வாசகப் புத்தகம் ஒன்றில், தொழில்களைப் பற்றிய பாடத்தில் அது கண்ணில் பட்டது. மூட்டை தூக்குகிறவர்களுக்குப் புத்தி மந்தம், அதட்டினால்தான் வேலை நடக்கும், அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று, ஏதோ மாட்டைப் பற்றி எழுதுவதுபோல நிதானமாக எழுதியிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தத் தாளை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, மீதியை மகளிடம் கொடுத்தேன்.

மறுநாள் அவள் அடுக்களைக்கு வந்து, ஒரு தாள் குறைகிறதே என்றாள். பிரின்ட் கடையில் விட்டுப்போயிருக்கும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை அது.

சாயங்காலம் என் போனை எடுத்து, அந்தப் புத்தகத்தை அவளே திறந்து படித்துவிட்டாள். யாருக்கும் பூட்டில்லாத புத்தகம்தானே.

"அம்மா, இத நீங்கதான் எடுத்தீங்க, அல்லே?"

ஆமாம் என்றேன்.

"அச்சன் வாசிக்கக் கூடாதுன்னா, நான் வாசிக்கக் கூடாதுன்னா?"

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அவள் அப்பாவிடம் போய், முழுப் பாடத்தையும் உரக்க வாசித்துக் காட்டினாள். குளித்துவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

"இவ்வளவு புளுகுறவன் வேற எதுல புளுகியிருக்கான்னு பாரு. ஒரு எடம் விடாம பாரு," என்றார்.

அன்றிலிருந்து அவள் படிப்பே மாறிவிட்டது. நெசவாளர் பற்றி, மீனவர் பற்றி, மழையைப் பற்றி அந்தப் புத்தகம் என்ன சொன்னாலும், உண்மையா என்று யாரிடமாவது போய்க் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போவாள். தோணிக்காரர் ஒருவரிடம் அவள் கேட்ட கேள்விகளுக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

நடந்ததைச் சேச்சியிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. மேலே போனார். இரண்டு நாள் கழித்து, தன் பையன்கள் படிக்கும் ஆங்கிலப் பூகோளத்தோடு இறங்கி வந்தார். அதில் இந்தக் கடற்கரைக்காரர்களைப் பற்றி இழிவாக எழுதியிருந்ததை விரலால் காட்டி, இதை இதுவரை தான் படித்துப் பார்த்ததே இல்லை என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். இருவரும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தோம்.