கறுக்காத காகம்

கியோத்தோவில் உலோகத்துக்கு நிறம் ஏற்றுகிறவர்களில் யாசோஹாச்சியைப் போல வாய் நீளமானவன் எவனும் இல்லை. உருக்குவதும் செதுக்குவதும் மற்றவர்கள் பாடு. அவர்கள் செய்து தருவதைச் செம்புக் களிம்பு கரைத்த தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கறுக்க வைப்பது இவன் பாடு. சட்டியில் இறக்குமுன் துருவிய முள்ளங்கியைப் பூச வேண்டும், இல்லாவிட்டால் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். துருவுகிறவள் மனைவி ஓதாமி.

ஓதாமியின் தம்பி சாகுஜி செதுக்குகிறவன். சாராய வியாபாரி மசுயா தன் புகையிலைப் பைக்குக் காக வடிவில் ஒரு கொக்கி கேட்டு, செம்போடு கலக்கப் பொன்னையும் அவனிடம் கொடுத்திருந்தார். பொன் சேர்ந்த செம்புதான் கன்னங்கரேலென்று கறுக்கும்.

மசுயாவின் கண்ணெதிரிலேயே காகம் சட்டியில் இறங்கியது. எவ்வளவு ஆட்டியும் கறுக்கவில்லை. செம்பழுப்பாக வெளியே வந்தது.

"ஏன்யா, நான் காக்கா கேட்டேனா, பொட்டைக் கோழி கேட்டேனா?"

சாகுஜி முந்திக்கொண்டான். "என் வேலையில குத்தமில்ல முதலாளி. அக்கா நேத்தே துருவி வெச்சிருக்கும். முள்ளங்கி புளிச்சுப்போச்சு."

பொன் எங்கேயோ போய்விட்டது என்று யாசோஹாச்சிக்குப் புரிந்தது. சொன்னால் மச்சினன் பிழைப்பில் மண் விழும், ஓதாமி வீட்டை இரண்டாக்குவாள். ஊரையே அளக்கிற வாய் அப்போது பார்த்துச் சுருண்டுகொண்டது. மசுயாவின் முன் குனிந்தான். "ஆமாங்க முதலாளி, முள்ளங்கி கொஞ்சம் பழசுதான்."

உள்ளேயிருந்து ஓதாமி பாய்ந்து வந்தாள். "காலையில மண்ணு கழுவுன முள்ளங்கிடா! உன் பையில இருக்கிற ஆமைக் கொக்கியைக் கழட்டு."

"அது எதுக்குக்கா?"

"போன வாரம் செஞ்சேன்னு பீத்திக்கிட்டியே. கழட்டுன்னேன்ல!"

தம்பியின் புகையிலைப் பையிலிருந்த கறுப்பு ஆமையை அவளே பிடுங்கினாள். கறுப்பு போய்ச் செம்பு தெரியும்வரை கரித்தூளால் தேய்த்தாள். அதே முள்ளங்கியைப் பூசி அதே சட்டியில் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் ஆமை கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

"என் காக்காவோட பொன்னைத் தின்னுட்டு உன் ஆமை கொழுத்திருக்கு" என்றார் மசுயா. "நட. புதுக் காக்கா பொரியிற வரைக்கும் நான் உன் பட்டறையிலதான் அடைகாக்கப்போறேன்." சாகுஜியின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு போனார். அவன் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் யாசோஹாச்சிக்கு வாய் திரும்பி வந்தது. "எனக்கு அப்பவே தெரியும்டி. உனக்காகத்தான் வாயைத் தொறக்கல."

"வாயைத் தொறக்கலையா? பழசுன்னு சொன்னது யாரு?"

"உன் தம்பியாச்சேன்னுதான்..."

"அவன் மசுயாவோட பொன்னைத் திருடினான். நீங்க என் மானத்தை எடுத்து அவனுக்குக் குடுத்தீங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேருல எந்தத் திருடனோட நான் இனி சோறு திங்கிறது?"

யாசோஹாச்சி அவளுக்கு முன் இடுப்பு வளையக் குனிந்தான். மசுயாவிடம் குனிந்ததைவிட இது ஆழமாக இருந்தது, ஆனால் ஓதாமி அதற்குள் உள்ளே போய்விட்டாள்.