தவக்காலக் கஞ்சியில் கிடைத்த பதில்

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் என் கணவர் அந்தோணி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் "வெச்சிட்டுப் போ" என்பார். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. அடுத்தடுத்து இரண்டு வருஷம், வாரிக் குவித்து வைத்திருந்த உப்பைக் காலம் தவறிப் பெய்த மழை கரைத்துவிட்டது. உப்போடு சேர்ந்து அந்த மனுஷனும் கரைந்துபோனார். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பயந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். புதுச்சேரியில் ஒரு கோழி வறுவல் கம்பெனிக்காரரைப் பார்த்தாராம். முன்பணம் கட்டினால் அவர்கள் பெயரில் நாம் கடை வைத்துக்கொள்ளலாம். ஃபிரான்சைஸ் என்கிறார்கள். பெயர்ப்பலகை, மசாலா, ஊறவைத்த கோழி எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து எங்கள் ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தார். புத்தாண்டுக்குப் புதுச்சேரி போகிற கார்கள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன.

"பாத்தியா பிலோமி, இதுல பத்துல ஒரு வண்டி நின்னாலும் போதும். நம்ம கோவில் பங்குக்காரங்களே பாதிக் கடையை ரொப்பிடுவாங்க" என்றார் இவர். பிலோமினா என்கிற என்னை அவர் பிலோமி என்று கூப்பிட்டே பல மாதம் ஆகியிருந்தது.

முன்பணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கவேண்டும். வீடு என் அப்பா எனக்குக் கொடுத்தது, என் பெயரில் இருக்கிறது. ஆக, நான் கையெழுத்துப் போட்டால்தான் கடை. போட்டுக் கடை நொடித்தால், நர்சிங் படிக்கிற மகளோடு தெருவில் நிற்கவேண்டியதுதான். போடமாட்டேன் என்றால், இவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். இதை யாரிடம் சொல்வது? என் அண்ணனிடம் சொன்னால் இவரை ஏசுவான். இவருடைய அக்காவிடம் சொன்னால் என்னை ஏசுவார்கள்.

சகாய மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியாது. "மாதாவே, உன் மகன்கிட்ட சொல்லு. எனக்குக் கணக்கு வழக்கு தெரியாது. போடலாமா வேணாமான்னு பளிச்சுன்னு ஒரு பதில் வேணும். எந்தப் பதிலா இருந்தாலும் இந்த மனுஷன் உடையக்கூடாது" என்றேன். தினமும் இதே ஜெபம்தான். மாதாவுக்கே அலுத்திருக்கும்.

தவக்காலம் வந்தது. எங்கள் பங்கில் பெரும்பாலான வீடுகளில் திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் கோவிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போனோம். திங்கட்கிழமை கையெழுத்துப் போட நாள் குறித்திருந்தது. என் முழங்கால் கீழே இருந்தது, மனசு எங்கேயோ இருந்தது. இயேசு சிலுவையோடு மூன்றாம் தரம் விழுகிறதைச் சொல்லி ஜெபிக்கிற இடத்தில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் கோவில் வளாகத்தில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார்கள், தொட்டுக்கொள்ளத் துவையல். இவர் கிண்ணத்தோடு நின்றுகொண்டு கடையைப் பற்றிச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எங்கள் தெரு செல்வி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "வராம எங்க போறோம் அந்தோணி? ஆனா தவக்காலம் முடியட்டும்பா. இப்பக் கடை தொறந்தா ஈதான் ஓட்டணும்."

அவர்கள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் மட்டும் கஞ்சியைக் குடிக்காமல் நின்றார். வளாகத்தில் நின்ற ஜனத்தை ஒரு சுற்று பார்த்தார்.

"பிலோமி, இவ்ளோ பேரும் கஞ்சி குடிக்கிறாங்க. நானும் குடிக்கிறேன். என் கடைக்கு நானே வரமாட்டேன் போலக்கீதே."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவரே தொடர்ந்தார். ஊரில் மற்றவர்கள் புரட்டாசியில் கறி சாப்பிடமாட்டார்கள். கார்த்திகை மார்கழியில் பாதி வீட்டில் மாலை போட்டிருப்பார்கள். ஐப்பசி மழையில் உப்பள ஜனத்துக்கு வேலையே கிடையாது, கையில் காசும் இருக்காது. கார்களோ விடுமுறைக்குத்தான் வரும். ஆனால் கம்பெனிச் சரக்கை மாதா மாதம் இவ்வளவு எடுத்தே ஆகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

மறுநாள் கம்பெனித் தம்பிக்குச் சொல்லாமல், அதே கம்பெனிக் கடை ஒன்றைப் பார்க்கப் போனோம். கிளியனூர் தாண்டித் திண்டிவனம் சாலையில் ஓர் அம்மா நடத்துகிறார்கள். மத்தியான நேரம். மேசைகள் காலியாக இருந்தன. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் டீ வரவழைத்துக் கொடுத்தார்கள்.

"கம்பெனிக்காரங்க ஏமாத்துறவங்க இல்லீங்க. டவுனுல பஸ் ஸ்டாண்டு பக்கம் வெச்சவங்க நல்லாத்தான் இருக்காங்க. எனக்கு எடம் சரியில்ல. புரட்டாசியில ஃப்ரீசர் நெறையக் கோழி இருக்கும், கல்லாவுல காசு இருக்காது. கம்பெனி வண்டி மட்டும் தேதி தவறாம வந்துடும். வித்த காசுல அவங்க பங்கு போயிடும், லாபமா நட்டமான்னு கேக்கமாட்டாங்க. நடுவுல விட்டுட்டா முன்பணம் வராது. கண்ணை முழிச்சுப் பாத்து எறங்குங்க."

வெளியே வந்து இவர் கம்பெனித் தம்பிக்குப் போன் போட்டார். தவக்காலத்திலும் புரட்டாசியிலும் மழை மாதங்களிலும் சரக்கைக் குறைத்து எடுக்கலாமா என்று கேட்டார். "எல்லாக் கடைக்கும் ஒரே ரூல்தான் சார்" என்று பதில் வந்தது.

வண்டியில் திரும்பும்போது எனக்கு ஒரே யோசனை. கடை இல்லையென்றால் வீடு தப்பும், சரி, மனுஷன் தப்புவாரா? ஊர் எல்லையில் உப்பளம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். பாத்திகளில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உப்பளம் எடுக்கும்போது மழை மாசத்தைத் தள்ளிட்டுத்தான கணக்கு போடுவேன். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். இதுக்கு மட்டும் வருஷம் பூரா கிறிஸ்துமஸ்னு நெனச்சிக்கினு இருந்திருக்கேன். வேணாம் பிலோமி. கையெழுத்து போடாத."

நான் சாலையிலேயே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதேன். கேட்ட இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. வேண்டாம் என்ற பதிலும் வந்தது, அதைச் சொன்னவரும் உடையவில்லை. நான் சொல்லியிருந்தால் அது சண்டை. ஆண்டவர் அவர் கையிலேயே கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்து அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்.

இப்போது இவர் தன் கூடப்பிறந்த தம்பியோடு கூட்டாகப் பாதி உப்பளம் எடுத்திருக்கிறார். வாசலில் தகரக் கொட்டகை போட்டு நான் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை கிடையாது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இட்லிக்குப் புரட்டாசியும் இல்லை, தவக்காலமும் இல்லை. மழை மாதத்தில் வியாபாரம் குறையும். அது தெரிந்த விஷயம்தான், அந்த மாதங்களில் மாவைக் குறைத்து ஆட்டுகிறேன். பெரிய வசதி வந்துவிடவில்லை. மகள் படிப்பு ஓடுகிறது, வீடு எங்களிடம் இருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு கையெழுத்துக்கு முன்னால் தூக்கமில்லாமல் இருந்தால், தைரியமாக ஆண்டவரிடம் கேளுங்கள். ஆமாம் என்று சொல்லும்படி அவரை நெருக்காமல் கேளுங்கள். ஜெபம் முடிந்ததும் எழுந்து போய், கூட்டம் இல்லாத நாளில் அந்தக் கடையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். அதையும் அவர் ஜெபத்தில்தான் சேர்த்துக்கொள்வார்.

இந்தத் தவக்காலத்தில் கோவிலில் கஞ்சி ஊற்றுகிற பொறுப்பை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அலுத்துக் களைத்து வந்து படுக்கிறார், படுத்தபடியே அன்றைக்கு நடந்ததை எல்லாம் என்னிடம் சொல்கிறார். சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை. ஆண்டவரே, அதற்கு உமக்கு நன்றி.